வாக்குக் கொடுத்தவருக்கு வராத பணம்

‘அடிஷனாலிட்டி’ என்ற சொல்லைக் கேட்டால் உங்களுக்குக் கொட்டாவி வருகிறது. சற்று முன்னால் இந்தப் பயிற்சி வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்து நானே பார்த்தேன். ஒருவர் செல்போனில் கிரிக்கெட், ஒருவர் அரைத்தூக்கம், ஒரு பெண் பக்கத்துப் பெண்ணின் கையில் மருதாணி எப்படிச் சிவந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கோபித்துக்கொள்ளாதீர்கள், குறை சொல்லவில்லை. முதல் தடவை கேட்டபோது, வேலைவெட்டி இல்லாதவன் எவனோ உட்கார்ந்து உண்டாக்கின வார்த்தை என்றுதான் நானும் நினைத்தேன். இன்று ஓய்வுபெற்று செவ்வாப்பேட்டை வீட்டில் முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறவன். அந்தச் சொல் காதில் விழுந்தால் இப்போதும் எனக்குத் தூக்கம் போய்விடும். ஏன் என்று டீ வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். உங்கள் பாடப்புத்தகத்தில் இது இல்லை.

2000களின் நடுப்பகுதி. கியோட்டோ ஒப்பந்தம் அமலுக்கு வந்து, பணக்கார நாடுகள் தங்கள் புகையைக் குறைத்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் வந்த சமயம். அவர்கள் ஊரில் ஒரு டன் புகையைக் குறைக்க ஆகும் செலவில் நம் ஊரில் பல டன் குறைக்கலாம். அதனால் சில நாட்டு அரசாங்கங்கள் மக்களின் வரிப்பணத்திலிருந்து ஒரு பகுதியை ஒதுக்கி நிதி அமைத்தன. இங்கே ஓர் ஆலை நிலக்கரியை விட்டு உமிக்கு மாறினால், மிச்சமாகும் புகைக்கு ஒரு சான்றிதழ். அதை அந்த நாடு விலைக்கு வாங்கும். வாங்கின அளவுக்கு அவர்கள் ஊரில் புகை விட்டுக்கொள்ளலாம். இதைப் பெரிய தருமம் என்று மேடையில் பேசுகிறவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன். தருமமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வியாபாரம். வியாபாரமாக இருப்பதில் எனக்கு வருத்தமும் இல்லை.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. ‘இந்தப் பணம் வராவிட்டால் நான் மாறியிருக்கவே மாட்டேன், கரியைத்தான் எரித்துக்கொண்டிருந்திருப்பேன்’ என்று ஆலைக்காரர் நிரூபிக்க வேண்டும். அதற்குப் பெயர்தான் அடிஷனாலிட்டி. எப்படியும் நடந்திருக்கும் நல்லதுக்குப் பணம் கிடையாது. பணத்தால் மட்டுமே நடந்த நல்லதுக்குத்தான் பணம். இந்த நிரூபணத்தை எழுதிக்கொடுப்பதும், வெளிநாட்டிலிருந்து வரும் தணிக்கையாளரிடம் ஆலைக்காரர்களும் ஊர்க்காரர்களும் பேசுவதை மொழிபெயர்ப்பதும், ஆலைகளுக்காக இந்த விண்ணப்பங்களைப் போடும் எங்கள் கம்பெனியில் என் வேலை.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இதை நான் முதலில் விளக்கினது இரும்பு உருக்கும் ஆலை வைத்திருந்த ஒரு ஆந்திராக்காரரிடம். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

“இன்னா நைனா இது! நல்லது செஞ்சா டப்பு கெடையாதா? நான் அயோக்கியன்தான்னு எழுதிக் குடுத்தாத்தான் டப்பா?”

நானும் சேர்ந்து சிரித்தேன். அப்படி இல்லை சார், அது ஒரு வாதம்தான், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றேன். சிரித்தபடியே கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு அது எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கமாலுதீன் பாயிடம் போய்ச் சேர்ந்தேன்.

பாய் பழவேற்காட்டுக்காரர். வியாபாரக் குடும்பம். தொழிற்பேட்டையின் ஓரத்தில் அட்டை மில் வைத்திருந்தார். பழைய காகிதத்தைக் கூழாக்கி, அட்டையாக்கி, நீராவியில் உலர்த்தி எடுக்கிற மில். நீராவிக்கு ஒரு கரி பாய்லர், அவர் அப்பா காலத்துச் சரக்கு. அதை நிறுத்திவிட்டு உமியில் ஓடும் புது பாய்லரை, புகையை வடிகட்டும் பெட்டியோடு சேர்த்துப் போட்டிருந்தார். பழையதை விற்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று மூலையில் சாத்தி வைத்திருந்தார். நம் ஊர் ஆலைகளில் எந்த இயந்திரமும் செத்த பிறகும் வீட்டை விட்டுப் போகாது.

பொன்னேரியைச் சுற்றி அரிசி ஆலைகள், அவற்றின் வாசலில் மலைமலையாக உமி. புது பாய்லருக்குத் தீனிப் பஞ்சமில்லை. எங்கள் கம்பெனிக்குப் பாய் வந்தது, புது பாய்லருக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால். அதனால் தேதிகள் எல்லாம் கச்சிதமாக இருந்தன. பணத்துக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, “அத்த நான் பாத்துக்கறேன் தம்பி” என்றார். நான் மேலே தோண்டவில்லை. வெளிநாட்டு நிதி இல்லாவிட்டால் இவ்வளவு சின்ன மில்லுக்கு இந்த மாற்றம் கட்டுப்படியாகாது என்று எழுதினேன். கணக்குப்படி அது உண்மையும்கூட.

இனி இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மில்லின் பின்சுவரை ஒட்டி பவானி என்ற பெண்மணியின் வயல். நாற்பதை ஒட்டிய வயது. புருஷன் காலமான பிறகு தானே நின்று பயிர் வைக்கிறவர். தொழிற்பேட்டையில் அவர் வாய்க்குப் பயப்படாத காவலாளி கிடையாது. பழைய பாய்லர் ஓடின காலத்தில் அந்தப் புகைக்கரி முழுக்க அவர் நெல் மேல்தான் இறங்கும். பொன்னேரி வியாபாரி மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். பாய்க்கும் அவருக்கும் வருஷக்கணக்காகச் சண்டை. இப்போது சமாதானமாகிவிட்டார்கள் என்று மில் மேஸ்திரி என்னிடம் சொன்னார்.

எப்படிச் சமாதானம் ஆனது என்று நான் கேட்கவில்லை. இதை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேட்கவே இல்லை.

தணிக்கையாளர் வரும்போது அக்கம்பக்கத்து மக்களிடமும் பேசுவார். அதற்கு யாரை உட்காரவைப்பது என்பதில்தான் எங்கள் தொழில் திறமை எல்லாம். ஆலையைப் புகழ்கிற மேஸ்திரியின் மச்சானைக் கூப்பிட்டால் வெள்ளைக்காரர்கள் நம்ப மாட்டார்கள். சண்டை போட்டவர் சமாதானமாகி வந்து பேசினால் அதற்கு மதிப்பே தனி. பவானியம்மாவைத்தான் கூப்பிட வேண்டும் என்று நானே முடிவு செய்தேன். நானே அவர் வீட்டுக்குப் போய் அழைத்தேன். என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே புல்லரித்தது.

தணிக்கைக்கு வந்தவர் ஐரோப்பாவிலிருந்து ஒரு பெண்மணி. நாங்கள் எந்த நாட்டுப் பணத்துக்கு விண்ணப்பித்திருந்தோமோ அந்த நாட்டுக்காரரே. நல்ல மனுஷி. வெயிலில் மூக்கெல்லாம் சிவந்துபோய், நாங்கள் கொடுத்த இட்லியையும் வடகறியையும் ரசித்துச் சாப்பிட்டார். பாய் அவருக்குச் சால்வை போர்த்தினார். மில்லின் சரக்கறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு தட்டில் சமோசா. ஒரு பக்கம் பாய், எதிரே பவானியம்மா, நடுவில் தணிக்கையாளரும் நானும். தமிழும் இங்கிலீஷும் இரண்டும் தெரிந்த ஒரே ஆள் நான்.

“இந்த ஆலையால் உங்களுக்குத் தொந்தரவு உண்டா என்று கேட்கிறார்” என்றேன்.

பவானியம்மா காத்துக்கொண்டிருந்தார் போல. கொட்டித் தீர்த்துவிட்டார்.

“தொந்தரவா? அய்யோ, அத்த ஏன் கேக்கறீங்க! என் நெல்லு பூரா கரி. ஒரு நாளு தாங்க முடியாம மொறத்துல அள்ளிக்கினு வந்து பாய் டேபுளு மேலயே கொட்டிட்டேன். இன்னா பாய் இது, நெல்லா, கரித்தூளா? உங்க ஊட்ல இத்த ஆக்கித் துன்னுவீங்களான்னு கேட்டேன். பாய் ஒரு நெல்ல எடுத்து வெரலால தேச்சுப் பாத்தாரு. அடுத்த அறுப்புக்குள்ள உன் நெல்லு மேல ஒரு பொட்டு கரி வுழாது தங்கச்சி, இது என் வாக்குன்னாரு. சொன்ன மாதிரியே செஞ்சாரு. இப்ப வந்து பாக்கச் சொல்லுங்க சார் என் வயல. பால் மாதிரி நெல்லு!”

நான் வாக்கியம் வாக்கியமாக, உற்சாகமாக, கையை எல்லாம் ஆட்டி மொழிபெயர்த்தேன். முறத்தைக்கூட விடவில்லை. முறம் என்றால் என்ன என்று காற்றில் வரைந்து காட்டினேன். அந்த வெளிநாட்டு அம்மா சிரித்துக்கொண்டே எழுதினார். ‘வாக்கு’ என்ற இடம் வந்தது. அவர் பேனா நின்றது.

“இவர் எப்போது அந்த வாக்கைக் கொடுத்தார்?” என்று மெதுவாகக் கேட்டார்.

அப்போதுதான், அந்த நொடியில்தான், நான் என் வாயால் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே உறைத்தது. பாய் மாறினதற்குக் காரணம் வெளிநாட்டு நிதி என்று நான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். எதிரே இருக்கும் பெண் சொல்கிறார், காரணம் நான் என்று.

கேள்வியைத் தமிழில் கேட்டேன்.

“போன தைக்கு முந்தின தை சார். அறுப்பு நேரம். நல்லா ஞாபகம் கீது” என்றார் பவானியம்மா பெருமையாக.

போன தைக்கு முந்தின தை. எங்கள் கம்பெனி என்று ஒன்று இருப்பதே அப்போது பாய்க்குத் தெரியாது.

இந்த இடத்தில் உங்களை ஒரு நிமிஷம் நிறுத்துகிறேன். இங்கேதான் நாம் வாங்குகிற சம்பளம் நிர்ணயமாகிறது. அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, இங்கிலீஷ் தெரிந்தவருக்குத் தமிழ் தெரியாது. ‘நாள் சரியாக ஞாபகம் இல்லையாம்’ என்று ஒரு வரி சொன்னால் போதும். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனாலும் சொல்லிவிட்டேன். அறுவடை, தை மாதம், முந்தின வருஷம். தைரியத்தில் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். சொன்னதைச் சொல்லிப் பழகின வாய், அது பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

தணிக்கையாளர் பாயின் பக்கம் திரும்பினார். “எங்கள் நிதி கிடைக்காது என்று தெரிந்திருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?”

இன்னும் ஒரு வழி இருந்தது. முழுப் பொய்யும் இல்லாத வழி. ‘செய்ய ஆசைதான், ஆனால் முடிந்திருக்காது’ என்று பாய் சொன்னால் போதும். கேள்வியைத் தமிழில் சொல்லிவிட்டு, என் பங்குக்கு நானே சேர்த்தேன்.

“பாய், யோசிச்சுச் சொல்லுங்க. மனசு இருந்துச்சு, கையில காசு இல்ல, அதனால முடிஞ்சிருக்காது. இந்த ஒரு வார்த்தை போதும்.”

பாய் என்னைப் பார்த்தார். பவானியம்மாவைப் பார்த்தார். அவர் நாற்காலி நுனியில், இதில் என்ன யோசனை என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். பாயின் முகம் இறுகிப்போனது.

“இவங்க எதுர குந்திக்கினு, முடியாட்டி வாக்க வுட்டுருப்பேன்னு சொல்லச் சொல்றியா தம்பி?” என்றார். “நீ வர்றதுக்கு மின்னாடியே பழவேற்காட்டு ஊட்டுப் பத்திரத்த வச்சிட்டேன். அது பத்தலன்னா மில்லுல பாதிய வித்திருப்பேன். சொன்னா சொன்னதுதான். அத்த அப்படியே அந்தம்மாகிட்ட சொல்லு.”

வீட்டை அடகு வைத்தது எனக்குத் தெரியாது. மில்லில் யாருக்கும் தெரியாது. பவானியம்மாவுக்கும் தெரியாது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. “இன்னா பாய் சொல்றீங்க? ஊட்டையா?” என்று வாயில் கை வைத்துக்கொண்டார்.

அப்படியே சொன்னேன். ஒரு வார்த்தையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அந்த வெளிநாட்டு அம்மா பேனாவை மூடினார். பிறகு எழுந்து போய் பாயின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினார். பவானியம்மாவுக்கும் கை கொடுத்தார். கூட்டம் முடிந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள். பவானியம்மா மீதிச் சமோசாக்களைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, சந்தோஷமாகப் பின்வாசல் வழியாக வயலுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அந்த வெளிநாட்டு அம்மா எங்கள் இருவரிடமும் சொன்னது இது: இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை. அதனாலேயே என் நாட்டுப் பணத்தை இவருக்குக் கொடுக்க என்னால் பரிந்துரைக்க முடியாது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரிடம் கொஞ்சம் குரல் உயர்த்தினேன். அவர் கோபப்படவில்லை. பொறுமையாகச் சொன்னார். இவர் மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு டன்னையும் நாங்கள் வாங்கினால், எங்கள் ஊரில் ஒரு டன் கூடுதலாகப் புகை விடுவோம். இவர் எப்படியும் மிச்சம் பிடித்திருப்பார் என்றால், எங்கள் பணத்தால் வானத்துக்குப் போகும் புகை கூடும்தானே?

அவர் சொன்னதில் ஒரு ஓட்டை இல்லை. விதி சரி. பாயும் சரி. பவானியம்மாவும் சரி. எல்லாரும் சரியாக இருந்து, எல்லாமே தப்பாக முடிகிற ஒரு காரியத்தை என் வாழ்க்கையில் அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

“இன்னாபா சொல்றாங்க?” என்று பாய் கேட்டார்.

சொன்னேன். பாய் சிரிக்கவில்லை, திட்டவில்லை. மொழிபெயர்ப்பில் நான் எங்கோ கோட்டை விட்டுவிட்டேன் என்று நினைத்து, “சரியா கேளு தம்பி, நீ தப்பா சொல்லிட்டிருப்ப” என்றார். இரண்டாம் தடவை கேட்டுச் சொன்னேன். அதே பதில். பாய் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் எங்கள் கம்பெனி முதலாளி என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார். “யோவ், உன்னை யாருய்யா சத்தியசந்தன் ஆகச் சொன்னது? ஊர்க்காரங்க ஆயிரம் பேசுவாங்க. வேண்டியதை மட்டும் எடுத்துச் சொல்லத் தெரியாதா உனக்கு?” நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். உள்ளுக்குள் ஒரு ஓரத்தில், நான் செய்தது சரி என்ற ஒரு திமிர் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, பணம் வரவில்லை. பாய் வாக்கைக் காப்பாற்றினார், வயல் சுத்தமாக இருக்கிறது, வீட்டுக் கடனை மெல்ல அடைத்துக்கொள்வார். கதை இதோடு முடிந்திருந்தால் உங்களுக்குச் சொல்லியிருக்கவே மாட்டேன்.

அடுத்த இரண்டு மூன்று வருஷத்தில் ஆந்திர எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உமியில் மின்சாரம் எடுக்கும் பெரிய ஆலைகள் வந்தன. எல்லாம் முறையாக வந்தவை. ‘வெளிநாட்டு நிதி இல்லாவிட்டால் நாங்கள் உமியைத் தொட்டே இருக்க மாட்டோம்’ என்று அவர்கள் நிரூபித்திருந்தார்கள். நிதி கிடைத்தது. கையில் அந்தப் பணம் இருந்ததால் உமிக்கு என்ன விலை கேட்டாலும் கொடுத்தார்கள். பொன்னேரி அரிசி ஆலை வாசலில் அவர்கள் லாரி வரிசையில் நின்றது. சும்மா கிடந்த உமி மலைகள் காணாமல் போயின. பாயின் லாரி காலியாகத் திரும்பி வர ஆரம்பித்தது.

பாய் எனக்கு போன் செய்தார். “தம்பி, உமி வெலை ஏறிக்கினே போவுது. கட்டுப்படி ஆவல. பெரிய பேஜாரா கீது. அந்த டப்பு வர்றதுக்கு வேற வழி எதுனா இருந்தா பாரேன்.”

பார்த்தேன். வழி இல்லை. அப்போதுதான் முழுசாகப் புரிந்தது எனக்கு. அந்த நாட்டு வரிப்பணம் பாய்க்கு வராமல் போனதோடு நிற்கவில்லை. நல்லது செய்ய மாட்டேன் என்றவர்கள் கைக்குப் போய், நல்லது செய்தவரின் அடுப்பிலிருந்த உமியை அள்ளிக்கொண்டு போய்விட்டது. யாரைத் திட்டுவது என்றுகூடத் தெரியவில்லை.

மேஸ்திரி பாயிடம் மன்றாடினார். பழைய பாய்லர் மூலையில்தானே இருக்கிறது, கரி மலிவு, உமி விலை இறங்குகிறவரை ஓட்டலாம் என்று. பாய் அந்த மூலைக்கே போகவில்லை. வாரத்தில் சில நாள் மில்லை ஓட்டினார், பிறகு நிறுத்தினார். பழவேற்காட்டு வீடு கையை விட்டுப் போனது. மில்லையும் விற்றுவிட்டு, மகன் வீட்டுக்குச் சென்னைக்குப் போய்விட்டார்.

புதிதாக மில்லை வாங்கினவர் என்னை வரச்சொன்னார். வெளியூர்க்காரர், சுறுசுறுப்பான ஆள். எங்கள் கம்பெனி அனுப்பித்தான் போனேன். நுழையும்போதே மேலே பார்த்தேன். பழைய பாய்லரின் புகைபோக்கியிலிருந்து கருகருவென்று புகை.

அவர் எனக்கு ஜில்லென்று மோர் கொடுத்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். “சார், விசாரிச்சிட்டேன். இப்ப கரியில ஓடுற மில்லு உமிக்கு மாறினா ஃபாரின் ஃபண்டு உண்டாமே. பழைய முதலாளிக்கு விவரம் பத்தல. நான் முறையா பண்ணலாம்னு இருக்கேன். எத்தனை மாசம் கரி எரிச்சா பேப்பர் ஒழுங்கா வரும், அதை மட்டும் நீங்க சொல்லுங்க.”

மோர் டம்ளரைக் கீழே வைத்தேன். மூலையில் உமி பாய்லர் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. பாய் வீட்டை அடகு வைத்துப் போட்ட அதே பாய்லர். அதை நிறுத்திவிட்டுக் கரியை எரிக்கிறார், நாளைக்குக் கரியை நிறுத்துவதற்குக் கூலி வாங்க. இதைக் குற்றம் என்று அவருக்குத் தெரியவே இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். தெரியும். ஆனால் சொல்லவில்லை. நான் சொல்லாவிட்டால் சொல்ல வேறு ஆள் இருக்கிறான் என்பதும் தெரியும்.

வெளியே வந்து பைக்கை எடுத்துப் பின்பக்கமாகத் திரும்பினேன். வரப்பில் பவானியம்மா நின்றுகொண்டிருந்தார். கதிர் வாங்கின நெல். பச்சை மேல் கறுப்பாகப் படிந்திருந்தது. அவர் கையில் கறுப்பு, முந்தானையில் கறுப்பு. என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். வழக்கமாக ஊரையே எழுப்பும் அந்தக் குரல் இறங்கிப் போயிருந்தது.

“சார், மேஸ்திரி ஒண்ணு சொன்னாரு. மெய்யான்னு தெரில. அன்னிக்கு நான் பேசினதாலதான் பாய்க்கு அந்த டப்பு வராம பூட்ச்சாமே?”

பைக்கை நிறுத்திவிட்டு இறங்கினேன்.

“பாய நல்லவருன்னு சொன்னா அவுருக்கு நல்லதுன்னுதானே சார் சொன்னேன்? ஊடு போச்சு, மில்லு போச்சு. என் நெல்லும் போச்சு.” கண்ணைத் துடைத்ததில் கன்னத்தில் கரி இழுகியது. “சார், எனுக்கு அவங்க பாஷை தெரியாது. நான் சொன்னத நீங்க அந்தம்மாகிட்ட அப்படியேவா சொன்னீங்க?”

“ஆமாம்மா. அப்படியேதான் சொன்னேன்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“ஏன் சார் சொன்னீங்க?”